பெங்களூரிலிருந்து ஐம்பத்தைந்து நிமிஷம்

பெங்களூர் ஏரோடிரோமுக்கும் கோயமுத்தூர் ஏரோடிரோமுக்கும் நடுவில் எத்தனை மைல் என்று எங்கள் ஊரில் அன்றைக்குத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை, எனக்குத் தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் அட்லஸ் இரவல் வாங்கி, பக்கத்து வீட்டுத் தறியடியில் அறுந்து கிடந்த நூல் ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்ப் புள்ளிகளுக்கும் நடுவில் இழுத்துப் பிடித்து, ஓரத்தில் போட்டிருந்த மைல் அளவில் வைத்துப் பார்த்தேன். நூற்று நாற்பது மைல், கொஞ்சம் முன்னே பின்னே. கை சும்மா இருக்கவில்லை, கொச்சிக்கும் இழுத்துப் பார்த்தேன். தொண்ணூறு. அந்தத் தொண்ணூறு எனக்கு எப்போதாவது உபயோகப்படும் என்று நினைக்கவில்லை.

விஷயம் கோழிக்குஞ்சு. சிரிக்க வேண்டாம். எங்கள் ஊரிலும் எல்லோரும் சிரித்தார்கள். சோமனூருக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் தோட்டம். கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்த வருஷங்கள் அவை. பிளாக் ஆபீஸிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, வெள்ளைக்கோழி வளர்த்தால் வருஷம் முழுக்க முட்டை எடுக்கலாம், தண்ணீர் அதிகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை. மாட்டுக் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, ஒரு பெரிய மூங்கில் கூடையும் அரிக்கேன் விளக்கும் தயார் பண்ணினேன். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குக் கவிழ்த்த கூடைக்குள் எரிகிற விளக்குத்தான் தாய்.

முதல் தடவை நூறு குஞ்சு ரயிலில் வந்தது. பெங்களூரிலிருந்து புறப்பட்டு, வழியில் வண்டி மாறும் இடத்தில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து, கோயமுத்தூர் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. பெட்டியைத் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உயிருள்ள குஞ்சுப் பெட்டி சும்மா இருக்காது, கீச்சுக்கீச்சென்று காதைத் துளைக்கும். என் கையில் இருந்த பெட்டி வெறும் அட்டைப்பெட்டி மாதிரியே இருந்தது. ஏழு குஞ்சு மிச்சம். அதுவும் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. வேப்பமரத்தடியில் குழி தோண்டி நானே மூடினேன். அன்றைக்கு அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் பொல்லாத மனுஷர் இல்லை. ஆனால் பண்ணையம் பண்ணுகிற வீட்டுப் பெண் கோழி வளர்ப்பது அவருக்கு வெளியில் தலை காட்ட முடியாத சங்கதி. "இன்னொரு தடவ பாரு. அதுவும் போச்சுன்னா கொட்டாய எனக்கு உட்டுரு, பருத்தி மூட்ட அடுக்கிக்கறேன். அதுக்கப்புறம் கோழின்னு வாயத் தொறக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்.

அதனால்தான் அட்லஸும் நூலும். பிளாக் ஆபீஸ்காரர் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும். மூன்று நாளைக்கு அது தாங்கும். அதற்குள் தண்ணீரும் தீனியும் கண்ணில் காட்டிவிட வேண்டும். பெங்களூரிலிருந்து தினம் காலையில் கோயமுத்தூர் வழியாகக் கொச்சிக்கு ஒரு பிளேன் போகிறது என்று டவுனில் விசாரித்து வந்தேன். நடுவில் ஐம்பத்தைந்து நிமிஷம். பீளமேட்டில் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இறங்கும். அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. மூன்று நாளில் ஒரு காலைப்பொழுதுதான் செலவு. இதைவிடப் பத்திரமான கணக்கு உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

கணக்கில் ஓட்டை போட்டது நானேதான்.

குஞ்சுப் பண்ணைக்காரர்கள், செவ்வாய்க்கிழமை பிளேனில் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். என் மாமியார் காதில் அது விழுந்தது. "செவ்வாயோ வெறுவாயோ. அன்னிக்கு உசுருள்ளது எதையும் ஊட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது கண்ணு. மொதல்ல வந்ததும் செவ்வாக்கெழமதான், நெனப்பிருக்குதா? பொன்னு கெடச்சாலும் பொதன் கெடைக்காதும்பாங்க. பொதங்கெழமைக்கு வரச் சொல்லு" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் முதல் தடவை செத்துப்போனதற்கு ஏற்கெனவே கிழமைதான் காரணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எதற்கு வம்பு, ஒரு நாள்தானே என்று, புதன்கிழமை அனுப்பவும் என்று கார்டு எழுதிப் போட்டேன்.

நான் புதன் என்று எழுதினால் அவர்கள் செவ்வாயன்று பொரிக்க வைப்பார்கள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது. முட்டைக்கு எங்கள் வீட்டுக் கிழமை தெரியுமா? செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதில் வந்தது. இருநூறு குஞ்சும் திங்கள் மத்தியானமே வெளியே வந்துவிட்டன, தாங்கள் கேட்டுக்கொண்டபடி ஒரு நாள் நிறுத்திவைத்து அனுப்புகிறோம். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை வீட்டுக்காரரும் நானும் பீளமேட்டில் போய் நின்றோம். ஐப்பசி மாதம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மூட்டம். வெள்ளிங்கிரி மலை இருக்கிற திசையே தெரியவில்லை. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதே என்று எனக்குப் பூரிப்பு. தலைக்கு மேலே கேட்டது, கிழக்கே கேட்டது, மறுபடி தலைக்கு மேலே கேட்டது. பிளேன் மட்டும் கண்ணில் படவில்லை. ஒரு கால் மணி நேரம் அப்படியே சுற்றிவிட்டு, சத்தம் தெற்கே தேய்ந்து போயே போய்விட்டது.

வெள்ளைச் சட்டை போட்ட ஆபீசர் ஒருவர் வெளியே வந்தார். "மேகம் ரொம்பத் தாழ்வா இருக்கு. இறங்க முடியலை. நேரா கொச்சிக்குப் போயிட்டாங்க. இன்னிக்குத் திரும்பறப்பவும் இங்க இறங்காது. உங்க பெட்டியை அங்கயே இறக்கிடுவாங்க, நாளைக்குத் திரும்பி வர பிளேன்ல வரும்" என்றார்.

"எத்தன மணிக்குங்க?"

"பன்னெண்டு அம்பதுக்கு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேலேயே வந்து எட்டவில்லை. திங்கள் மத்தியானத்திலிருந்து வியாழன் மத்தியானம் என்றால் மூன்று நாள் தீர்ந்துவிடும். செவ்வாயன்றே வந்திருந்தால் வானம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்குக் காலையில் வெயில் அடித்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "விடு புள்ள. நீயும் செய்யறதச் செஞ்சுபோட்ட. ஊட்டுக்குப் போலாம்." அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செத்த வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசுகிறாரே, இன்னும் இருநூறும் உயிரோடு இருக்கும்போது!

"நான் கொச்சிக்குப் போறனுங்க" என்றேன்.

"எங்க?"

"கொச்சிக்குங்க. ஒரு மணிக்கு ரயில் இருக்குது. ஏழு மணிக்குள்ள போயிருவேன். தண்ணி காட்டிப்போட்டா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்குமுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். மறுநாள் களையெடுக்க இருபது ஆள் சொல்லியிருந்தது, அவர் வர முடியாது. தனியாகப் போகாதே என்று சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. "கூடைக்குள்ள வெளக்கு அணையாமப் பாத்துக்கறேன்" என்றார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

ஆபீசரிடம் திரும்பினேன். கொச்சிக்கு வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பெட்டிக்குச் சொந்தக்காரி வருகிறாள், பெட்டியைக் காற்றில் வைக்காதீர்கள், அவள் வந்தால் திறக்க விடுங்கள். அவ்வளவுதான். "அம்மா, வயர்லெஸ் பிளேனுக்காக வெச்சிருக்கிறது. கோழிக்குஞ்சுக்கெல்லாம் பேச முடியாது" என்றார்.

"கோழிக்குஞ்சும் பிளேன்லதானுங்க போயிருக்குது" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. உள்ளே போய்ப் பேசிவிட்டு, ஒரு காகிதத்திலும் நாலு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு எதிரே மளிகைக் கடையில் அரிசி நொய்யும் ஒரு அச்சு வெல்லமும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறினேன். மதுக்கரை தாண்டும்போது சிமெண்டுத் தூசி படிந்த மரங்களைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அதுவரைக்கும் அந்தப் பக்கம் நான் அதைத் தாண்டிப் போனதே கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "தனியாவா அம்மணி போற? ஆரு ஊட்டுக்கு?" என்று கேட்டார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. பிளேன் நாற்பது நிமிஷத்தில் பறந்துபோன தொண்ணூறு மைலை அந்த ரயில் ஆறு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் போயிற்று. அட்லஸில் நான் இழுத்த நூல் எவ்வளவு நேராக இருந்தது என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கொச்சி ஏரோடிரோமில் சாமான் வைக்கிற அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே காதில் விழுந்தது, கீச்சுக்கீச்சு. உள்ளே ஓடினேன். வயர்லெஸ்ஸில் சொன்னதை மதித்து யாரோ பெட்டியை மூலையில் வைத்து, மேலே தொங்கிய குண்டு பல்பைக் கயிறு விட்டுத் தாழ இறக்கியிருந்தார்கள். அறையைக் கூட்டுகிற அம்மாள் ஒருத்தி அதற்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். என் தமிழ் அவளுக்குப் பாதி, அவள் மலையாளம் எனக்குப் பாதி. அது போதுமாக இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். பதினாலு போயிருந்தது. மீதியும் கண்ணைச் சொருகிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து இரண்டு கொட்டாங்கச்சியில் ஊற்றினோம். பிறந்து தண்ணீரையே பார்க்காத குஞ்சுக்கு அது தண்ணீர் என்று தெரியாது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அலகை நனைத்துவிட வேண்டும். நனைந்ததும் தலையைத் தூக்கி ஒரு விழுங்கு விழுங்கும், அப்புறம் தானே குனியும். நூற்று எண்பத்தாறு அலகு. அவள் பாதி, நான் பாதி. பிறகு நொய்யைக் காகிதத்தில் தூவினேன். தரையெல்லாம் டொக்டொக்கென்று சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஈடாக எந்தக் கச்சேரியையும் நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவள் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்துக்கொண்டேன்.

விடியற்காலையில் அடுத்த கேள்வி. "பெட்டியை உங்க கூடவே ரயில்ல கொண்டுபோயிடுங்களேன். இன்னிக்கும் அங்க மேகம் இருந்தா பிளேன் மறுபடி இறங்காமப் போயிடும், பெங்களூருக்கே போய்ச் சேரும்" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. நியாயமான பேச்சு. பெட்டி என் கையில் இருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் ரயில் என்றதும் வேப்பமரத்தடிக் குழிதான் கண்ணில் வந்தது. ஆறு மணி நேரக் குலுக்கல், பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற ஊதக்காற்று. நேற்று விழுந்து கிடந்த குஞ்சுகள் அதைத் தாங்காது. நாற்பது நிமிஷம் என்றால் தாங்கும். ஆறு மணி நேரம் நிச்சயமாகக் கெடுதல், நாற்பது நிமிஷம் ஒருவேளை நல்லது. நான் ஒருவேளையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை தண்ணீர் காட்டி, பெட்டியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, முதல் ரயிலில் தனியாகப் புறப்பட்டேன்.

வழி முழுக்க ஜன்னலில் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாளையாறு வரைக்கும் மூட்டம். கோயமுத்தூரில் இறங்கும்போதும் மூட்டம்தான், ஆனால் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பீளமேட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. என் வீட்டுக்காரர் களையெடுப்பை விட்டுவிட்டு, கையில் ஒரு பழைய ஜமக்காளத்தோடு எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அப்போதுதான் கடிதத்தை இடுப்பிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். படித்தார். "செவ்வாக்கெழமையே வந்திருக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டது. நேற்று மாதிரியே தலைக்கு மேலே போயிற்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், பத்துப் பேர் நடுவில். பிறகு கிழக்கே மேகத்துக்கு அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு இறக்கை முளைத்தது.

இன்னும் ஒன்பது போயிருந்தது. நூற்று எழுபத்தேழு உயிரோடு வந்தன. ஜமக்காளத்தைப் போர்த்திப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பாதி வழியில் என் வீட்டுக்காரர் மெதுவாக, "வியாழக்கெழம ஒன்னரையிலிருந்து மூணு ராகு காலம். நாம போகையில ரெண்டு மணி ஆயிரும். அம்மா வாசல்ல நிறுத்திப்போடுவாங்க" என்றார்.

மனதுக்குள் தயாரானேன். ஒரு செவ்வாய்க்கிழமைக்காக இருபத்து மூன்று குஞ்சைக் கொடுத்தாயிற்று. இனி ஒரு நிமிஷம் கொடுக்க மாட்டேன். தடுத்தால் என்ன சொல்வது, அதற்கு மேலும் பேசினால் என்ன சொல்வது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டே பஸ் விட்டு இறங்கி நடந்தேன். பெரியவர்களிடம் பேசக்கூடாத வார்த்தைகளும் அதில் இரண்டு மூன்று இருந்தன.

கொட்டகைக்கு வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மாமியார் வாசலில்தான் நின்றிருந்தார். முந்தானையெல்லாம் விளக்குப் புகை. ராத்திரியும் பகலும் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது அவர்தான் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. நான் நிற்கவில்லை. "அத்த, நான் உள்ள போறனுங்க. மணி என்னவா இருந்தாலும் போறனுங்க" என்றேன்.

"மணியா?" என்றார் அவர். "காலைலயே கடியாரம் நின்னு போச்சு கண்ணு. மணி என்னன்னு இந்த ஊட்டுல ஆருக்குத் தெரியும்? குஞ்சுக்குக் குளிரப் போவுது, வெரசாக் கொண்டா."

உள்ளே போகும்போது சுவரைப் பார்த்தேன். பெண்டுலம் அசையாமல் தொங்கியது. அதற்கு நேர் கீழே சமையல்கட்டு ஸ்டூல் கிடந்தது. அதில் ஏறி நிற்க மூட்டுவலிக்கார மனுஷிக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியாது. நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. கூடைக்குள் குஞ்சுகளை விட்டுக்கொண்டே, "செவ்வாக்கெழமையே வந்திருக்குமுங்க அத்த. வேண்டாம்னு நான்தான் எழுதிப்போட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு குஞ்சை எடுத்து முந்தானையில் துடைத்து வெளிச்சத்துப் பக்கமாக விட்டார். அடுத்த குஞ்சை எடுத்துக்கொண்டே, "அடுத்த தடவ அவுங்க சொல்ற கெழமைக்கே வரட்டும்" என்றார்.

கொட்டகை என்னிடமே இருந்தது. பருத்தி மூட்டையை என் வீட்டுக்காரர் நடுவீட்டில் அடுக்கிக்கொண்டார்.

மறுநாள் வானம் வெளுத்துவிட்டது. கடிகாரத்தை ஓடவிட வேண்டும், சரியான நேரம் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. காலையில் தலைக்கு மேலே பிளேன் சத்தம் கேட்டது. பீளமேட்டில் இறங்க இன்னும் நாலைந்து நிமிஷம் இருக்கும். "இப்ப மணி பத்தே முக்காலுங்க அத்த" என்றேன். மாமியார் என்னை ஸ்டூலில் ஏறச் சொல்லிவிட்டு, கீழே நின்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.